பட்டிப்பளை ஆறும் நீந்தும் யானைகளும்

தோட்டங்களில் வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்கேயாவது ஒரு பயணம் போவது வழக்கம். கோயில் கமிட்டி, மாதர் சங்கம், இளைஞர் கழகம் என்று யாராவது முன்னின்று, ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, வான் அல்லது பஸ் பிடிப்பார்கள். பதுளைப் பக்கத்துத் தோட்டத்தார் கிழக்கே போவதென்றால் பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி என்று இறங்கும் றோட்டுத்தான். மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டு, கல்லடிப் பாலத்தில் நின்று படம் பிடித்து, பாசிக்குடாவில் குளித்துவிட்டு இரவோடிரவாக மலையேறி, விடிந்தால் பெரட்டுக்கு வந்து நிற்பார்கள்.

அந்தப் பயணத்தோடு இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டால் பார்க்கக்கூடிய ஓர் இடத்தைப் பற்றியது இந்த முறைப் பாடம். அம்பாறை மாவட்டத்தில் இங்கினியாகலைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லோயா தேசிய பூங்காதான் அது. படகில் இருந்தபடியே காட்டு யானைகளைப் பார்க்கலாம் என்பது அதன் சிறப்பு. சில வேளை படகுக்கு முன்னாலேயே யானைகள் நீந்திப் போகும்.

“யானையப் பாக்கவா இவ்வளவு தூரம் போகணும்? பெரஹராவுல பாக்காததா?” என்று கேட்கிறவர்கள் நம்மில் உண்டு. பெரஹராவில் வருவது சங்கிலி போட்ட யானை. பாகன் சொல்லுகிறபடி நடக்கும். காட்டிலே யானை தன் குடும்பத்தோடு தன் பாட்டில் இருப்பதைப் பார்ப்பது வேறு. ஆனால் வேடிக்கைக்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்தக் காட்டுக்கும் ஆற்றுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது ஆறு பிறக்கும் இடத்திலேயே ஆரம்பிக்கிறது.

நம் மலையில் பிறக்கும் ஆறு

கல்லோயா பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கிறது. மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த மலைகள் தினமும் கண்ணில் படுகிறவை. சிங்களத்தில் ‘கல்’ என்றால் கல்தான். ‘ஓயா’ என்றால் ஆறு. கிழக்கிலே தமிழில் இதைப் பட்டிப்பளை ஆறு என்பார்கள். மலையை விட்டு இறங்கிக் காடுகளுக்கூடாக ஓடி, இங்கினியாகலை அணையில் தேங்கி, பிறகு அம்பாறை வயல்வெளிகளைக் கடந்து, கல்முனைக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீற்றர் தூரத்தில் கடலில் விழுகிறது. ஆற்றின் நீளம் 108 கிலோமீற்றர்.

இங்கினியாகலை அணையின் இடதுகரை வாய்க்கால் வடக்குப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. அந்த வயல்களில் இருந்து வடியும் தண்ணீரில் ஒரு பங்கு மட்டக்களப்பு வாவியின் தென் அந்தத்தில் போய்ச் சேருகிறது. வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. முந்தனை ஆறு, மகிழவெட்டுவான் ஆறு என்று வேறு ஆறுகளும் அதில் விழுகின்றன. ‘பாடும் மீன்’ என்று பேர் பெற்ற வாவி இதுதான். அந்தச் சத்தத்தைப் போடுவது மீன் அல்ல, ஊரி என்ற சிப்பி வகை என்று அவ்வூர் மீனவர்கள் சொல்லுவார்கள்.

கொழுந்து மலையில் மழை பெய்கிறபோது கானில் செந்தண்ணியாக ஓடுகிறதே, அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பதுளை மலைகளில் ஒரு சரிவின் தண்ணீர் மகாவலிக்குப் போகிறது. கிழக்குச் சரிவின் தண்ணீர் கல்லோயா போன்ற ஆறுகளுக்குப் போகிறது. தண்ணீரோடு மண்ணும் போகும். மண் போய் அடியில் படிந்தால் குளத்தில் அந்த அளவுக்குத் தண்ணீர் குறையும். கானுக்குள் இடைக்கிடை குழி விட்டு மண்ணைத் தேக்கச் சொல்லுவது தோட்டத்து மண்ணைக் காக்க மட்டுமல்ல. கீழே இருக்கிறவனின் குளத்தையும் அது காக்கிறது. குழி வெட்டுகிற நமக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்லை!

மூழ்கிய பள்ளத்தாக்கு

இலங்கை சுதந்திரம் பெற்றதும் எடுத்த முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் கல்லோயாத் திட்டம். 1949இல் அணை வேலை தொடங்கியது. அமெரிக்கக் கம்பனி ஒன்று வந்து கட்டியது. முதலாவது பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயரால் அந்த நீர்த்தேக்கத்துக்குச் சேனாநாயக்க சமுத்திரம் என்று பெயர் வந்தது. நிரம்பி நிற்கும்போது சுமார் 78 சதுர கிலோமீற்றர் பரப்பு. ஒரு கரையில் நின்றால் மறு கரை தெரியாத இடங்களும் உண்டு.

அதே அரசாங்கம்தான் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. குடியேற்றத் திட்டத்தில் காணி பிரித்துக் கொடுத்தபோது நாடற்றவனுக்கு ஏது காணி? 1956 ஜூனில் அந்தக் குடியேற்றப் பகுதியிலேயே தமிழர்கள் கொல்லப்பட்ட வன்செயலும் நடந்தது. அது தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே ஆற்றோடு நிற்போம்.

அணை கட்டியதும் பள்ளத்தாக்கு மூழ்கியது. தாழ்வான காடுகள் தண்ணீருக்குள் போயின. உயர்ந்த குன்றுகளின் தலைகள் மட்டும் தீவுகளாக எஞ்சின. பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பதை இன்றும் காணலாம். அவற்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். காடு மூழ்கியபோது காட்டில் இருந்த மிருகங்களுக்கு மட்டுமல்ல, வேடுவர்களுக்கும் இடம் பறிபோனது. இரத்துகலையில் இன்றும் வேடுவ சமூகத்தவர் வாழ்கிறார்கள்.

நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் வரும் காட்டை வெட்டினால் மண் கரைந்து தேக்கமே தூர்ந்துபோகும். அதனால் நீரேந்து பகுதியைக் காப்பாற்றும் நோக்கத்தோடு 1954 பெப்ரவரி 12ஆம் திகதி அந்தக் காடு தேசிய பூங்காவாக்கப்பட்டது. அதாவது முதல் நோக்கம் வயலுக்குத் தண்ணீர். யானை அதனால் பிழைத்தது. பூங்காவின் பரப்பு 25,900 ஹெக்டேயர். நம் கணக்கில் சுமார் 64,000 ஏக்கர்.

இந்தப் பூங்காவில் காடு ஒரே மாதிரி இராது. ஓர் இடம் அடர்ந்த காடு. இன்னோர் இடம் இலுக்கும் மானாவும் மண்டிய புல்வெளி. அதற்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக மரங்கள். அந்த மரங்கள் யாவை தெரியுமா? கடுக்காய், தான்றி, நெல்லி. நம் வீட்டுப் பெரியவர்கள் திரிபலைச் சூரணத்துக்குத் தேடுகிற அதே மூன்று. கண்டதும் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்ள வேண்டாம். பூங்காவுக்குள் இருந்து ஒரு காயைக்கூட எடுத்து வரச் சட்டம் இடம் கொடாது.

யானை எப்படி நீந்துகிறது?

நாலாயிரம் கிலோ நிறையுள்ள மிருகம் தண்ணீரில் எப்படி மிதக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். யானையின் உடம்பு பருத்தது. அது தள்ளும் தண்ணீரின் நிறையும் அவ்வளவு பெரிது. ஆகவே தண்ணீர் அதைத் தாங்கிவிடுகிறது. நாலு காலையும் துடுப்பு மாதிரி அடித்துக்கொண்டு போகும். தலை, முதுகு எல்லாம் அமிழ்ந்தாலும் தும்பிக்கை நுனி மட்டும் மேலே இருக்கும். மூச்சு அதன் வழியாகத்தான்.

மனிதன் ஆறடி ஆழத்தில் நின்று நீண்ட குழாயால் மூச்சிழுக்கப் பார்த்தால் முடியாது. தண்ணீர் நெஞ்சை அமுக்கும். நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின் இரத்தக் குழாய்கள் சேதமாகும். யானைக்கு அந்த இடத்தில் வெற்றிடம் இல்லை. நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு இணைப்புத் திசுவால் ஒட்டியே இருக்கிறது. இந்த அமைப்பு ஆழத்தில் தும்பிக்கையால் மூச்சு விடுவதற்கு உதவியது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். 2017 ஜூலையில் கொக்கிளாய்க்கு அப்பால் கடலில் பல கிலோமீற்றர் தூரத்துக்கு அடித்துச் செல்லப்பட்ட ஒரு யானையைக் கடற்படையினர் கயிறு கட்டிக் கரை சேர்த்தார்கள். அவ்வளவு நேரம் அது தும்பிக்கையைத் தூக்கியபடி நீந்திக்கொண்டேயிருந்தது.

சேனாநாயக்க சமுத்திரத்தில் யானைகள் தீவு விட்டுத் தீவு நீந்துவது புல்லுக்காக. பெரிய யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவில் தீன் வேண்டும். முன்னே போவது வயதான பெண் யானை. எந்தக் காலத்தில் எந்தத் தீவில் புல் இருக்கும் என்பது அதற்குத்தான் நினைவிருக்கும். குட்டிகள் நடுவில் வரும். நம் வீடுகளிலும் வரட்சிக் காலத்தில் எந்த ஊற்று வற்றாது என்று கிழவிதானே சொல்லுவாள்!

யானை 22 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும். அடுத்தது நாலைந்து வருடம் கழித்துத்தான். ஒரு பெண் யானை செத்தால் அதன் இழப்பை ஈடுசெய்ய எத்தனை வருடமாகும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆசிய யானை உலகளவில் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இலங்கையில் 2011இல் எடுத்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன.

யானையைத் தவிர வேறு என்ன பார்க்கலாம்? மான், மரை, காட்டெருமை, குளத்து முதலை, கூழைக்கடா, மீனைக் கொத்திக்கொண்டு பறக்கும் கடற்கழுகு. சிறுத்தையும் உண்டு, ஒரு நாள் பயணத்தில் அது கண்ணில் படுமென்று நம்பிப் போகாதீர்கள்.

பூங்காவென்றால் வேலி போட்ட இடமா?

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. அதில் பல வகை உண்டு. கடும் இயற்கை ஒதுக்கு என்றால் ஆராய்ச்சி செய்கிறவர் தவிர வேறு யாரும் போகக்கூடாது. தேசிய பூங்காவுக்கு அனுமதிச்சீட்டு எடுத்துப் போய்ப் பார்க்கலாம். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் குடியிருப்பும்கூட இருக்கலாம். ஆனால் மிருகத்தைத் தொடக்கூடாது. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் சரணாலயம் என்றே சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கோடுகள் எல்லாம் மனிதன் வரைபடத்தில் போட்டவை. யானைக்கு வரைபடம் தெரியாது. இலங்கையில் யானை நடமாடும் நிலத்தில் சுமார் 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. ஆகவே பூங்காவுக்கு வெளியே நடப்பதும் பூங்காவின் கதைதான்.

பள்ளக்காட்டுக் குப்பைமேடு

அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்று ஓரிடம். சுற்று ஊர்கள் பலவற்றின் குப்பையை லொறியில் கொண்டுவந்து கொட்டும் மேடு அங்கே இருக்கிறது. பக்கத்திலே யானை நடமாடும் காடு. பழம், சோறு, கறி மணம் காற்றில் வந்தால் யானை விடுமா? கூட்டமாக வந்து கிளறித் தின்னப் பழகிக்கொண்டன. சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். யானைக்கு அதைப் பிரித்துத் தின்னத் தெரியாது. சீட்டோடு சேர்த்து விழுங்கும்.

2022 ஜனவரியில் அங்கே மேலும் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தன. அதோடு எட்டு வருட காலத்தில் அந்தக் குப்பை மேட்டால் செத்த யானைகள் சுமார் 20 என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். வெட்டிப் பரிசோதித்த மிருக வைத்தியருக்கு வயிற்றில் கிடைத்தவை பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும் பிளாஸ்டிக்கும் தண்ணீரும்தான். யானை வழக்கமாகத் தின்னும் புல், இலை எதுவும் அங்கே இல்லை.

இது எப்படிக் கொல்லுகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். பொலித்தீன் நஞ்சு போல உடனே கொல்லாது. குடலில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த மாதிரி இருப்பதால் யானை தீனெடுக்காது. நாளுக்கு நாள் பலம் குறையும். அவ்வளவு பெரிய உடம்பைக் காலால் தாங்க முடியாத நிலை வரும்போது படுத்துவிடும். படுத்த யானை எழும்பாவிட்டால் தண்ணீரும் கிடையாது, தீனும் கிடையாது. சில நாளில் முடிந்துவிடும்.

அந்த மேட்டைச் சுற்றி 2014இல் மின்வேலி போட்டார்கள். இடி விழுந்து அது பழுதாகியது, திருத்தாமலே விட்டார்கள். சட்டமும் இல்லாமல் இல்லை. 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீட்டையும் மெல்லிய பொலித்தீனையும் தடை செய்தார்கள். 2023இல் ஒரு தடவை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றைத் தடை செய்தார்கள். கடையில் போய்ப் பார்த்தால் தெரியும் எவ்வளவு நின்றிருக்கிறதென்று.

“அது அம்பாறைக் குப்பை, நமக்கென்ன?” என்று கேட்கலாம். நாம் பயணம் போகிற நாளில் பஸ்ஸில் ஐம்பது பேர். ஐம்பது சோற்றுப் பார்சல், ஐம்பது தண்ணீர்ப் போத்தல், பிள்ளைகளின் டிபிடிப் பக்கற். மகாஓயா தாண்டி மரநிழலில் நிறுத்திச் சாப்பிடுகிறோம். சாப்பிட்ட இடத்திலே சுருட்டிப் போடுகிறோம், அல்லது ‘குப்பைத் தொட்டி’ என்று எழுதியதில் போடுகிறோம். தொட்டியில் போட்டது எங்கே போகும்? லொறியில் ஏறி ஏதோ ஒரு மேட்டுக்குத்தான் போகும். ஆகவே அங்கே ‘சரியான இடத்தில் போட்டோம்’ என்ற சமாதானம்கூடச் செல்லாது. வாழை இலையில் கட்டிக்கொண்டு போனால் யானை தின்றாலும் கேடில்லை. இலை கிடைக்காவிட்டால் அவரவர் சாப்பாட்டுப் பெட்டி. தண்ணீருக்கு ஒரு பெரிய கேன். மிஞ்சுகிற பொலித்தீனை ஒரு சாக்கில் போட்டுத் திரும்பவும் தோட்டத்துக்கே கொண்டு வரலாம்.

எழுவான்கரையும் படுவான்கரையும்

மட்டக்களப்பில் வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்பார்கள். மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் பட்டணமும் நெருக்கமான ஊர்களும். படுவான்கரையில் வயல், குளம், காடு. வெல்லாவெளி போன்ற பகுதிகளில் நெல் முற்றும் காலத்தில் யானை வந்தால் ஆறு மாத உழைப்பு ஒரே இரவில் போகும். வீட்டுச் சுவரையும் இடித்து நெல் மூட்டையை இழுக்கும். ஆட்களும் சாகிறார்கள்.

2023ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் செத்தார்கள். யானைகள் சாவது துவக்குச் சூட்டால், மின்சாரத்தால், புகைவண்டியில் மோதி, பிறகு ‘ஹக்க பட்டாஸ்’ என்ற வாய்வெடியால். பூசணிக்காய்க்குள் வெடியை மறைத்துப் பன்றிக்கு வைப்பார்கள். குட்டி யானை கடிக்கும். வாய் சிதறித் தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகும்.

படுவான்கரை விவசாயியைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். இரவு முழுக்க பந்தம் பிடித்து வயல் காக்கிறவனின் கஷ்டம் அவனுக்குத்தான் தெரியும். நமக்கும் அது தெரியாததல்ல. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி கிளறிப் போட்டால் நாமும் சுருக்குக் கம்பி வைக்கிறோம். பன்றிக்கு வைத்த கம்பியில் 2020 மே மாதம் லக்ஷபான தோட்டத்தில், நல்லதண்ணிப் பக்கத்தில், ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிக்கொண்டது. கழுத்து அறுபட்ட அந்த மிருகத்தை உயிரோடு எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோயும் மூன்று நாளில் செத்துப்போனது. இலங்கையில் மிக அரிதாகவே காணக்கூடிய மிருகம் அது. சுருக்கு இன்னதுக்குத்தான் என்று பார்த்துப் பிடிக்காது.

போகிறவர்கள் கவனத்துக்கு

மகாஓயாவில் பிரிந்து அம்பாறைக்குப் போய், அங்கிருந்து இங்கினியாகலைக்குப் போக வேண்டும். அம்பாறையில் இருந்து அரை மணி நேரப் பயணம். வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் அனுமதிச்சீட்டும் படகும் எடுக்கலாம். உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு போக வேண்டும். கட்டணம் அடிக்கடி மாறுவதால் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் காசு சேர்ப்பது நல்லது. பெரிய கூட்டமாகப் போனால் ஒரே படகில் ஏற முடியாது.

மார்ச் முதல் ஜூலை வரை நல்ல காலம். மாரி மழையில் தேக்கம் நிரம்பி, தீவுகளுக்கு நடுவே ஆழமாகத் தண்ணீர் நிற்கும். யானை நீந்துவதைக் காணும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். காலையில் அல்லது பின்னேரம் போக வேண்டும். நடுப்பகல் வெய்யிலில் மிருகங்கள் காட்டுக்குள் ஒதுங்கிவிடும். மலைக் குளிரில் பழகிய நமக்கும் அந்த வெய்யில் தாங்காது. தொப்பியும் குடிதண்ணீரும் வேண்டும்.

உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். கைக்குழந்தைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்ற அங்கி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். படகில் எழும்பி நிற்பது, எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து படம் எடுப்பது, பாட்டுப் போட்டு ஆடுவது எதுவும் கூடாது. நீந்தும் யானைக்குக் கிட்டப் போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். குட்டியோடு வரும் யானையை மறித்தால் அது திரும்பிப் போகப் பார்க்கும், குட்டி களைத்துப்போகும்.

முக்கியமான விசயம் ஒன்று. நம் மலை ஓடைகளில் முதலை கிடையாது. பீலிக்கரையில் குளித்துப் பழகிய நாம் எங்கே தண்ணீரைக் கண்டாலும் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம். கிழக்கின் குளங்களிலும் ஆறுகளிலும் வாவியிலும் முதலை உண்டு. குளத்திலே இருப்பது ஒரு வகை. வாவியிலும் கழிமுகத்திலும் இருக்கும் உவர்நீர் முதலை அதைவிடப் பெரியது, ஆபத்தானது. கரையோரம் அமைதியாகத் தெரியும் தண்ணீரிலும் அது படுத்திருக்கலாம். ஊரார் குளிக்கும் இடத்தைக் கேட்டு, அங்கே மட்டும் குளிக்கலாம். பெண்கள் பாத்திரம் கழுவக்கூடக் கண்ட இடத்தில் குந்தக் கூடாது.

மகாஓயா, அம்பாறை றோட்டில் மாலைக்குப் பிறகு யானை குறுக்கே வரும். றோட்டோரம் வந்து நிற்கும் யானைக்கு வாழைப்பழம் எறிகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படிப் பழகிய யானை அடுத்த பஸ்ஸை மறிக்கும். பழம் இல்லாதவன் மோட்டார் சைக்கிளில் வந்தால் அவன் கதி என்ன? கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், யாரும் இறங்காமல் அது போகும் மட்டும் இருக்க வேண்டும். பின்னேரப் படகுப் பயணம் முடித்து அன்றிரவே மலையேற நினைக்கிறவர்கள், அந்தக் காட்டு றோட்டை இருட்டு முன் தாண்ட முடியுமா என்று சாரதியிடம் கேட்டுத் திட்டம் போடுங்கள். முடியாதென்றால் இரவை அம்பாறையிலோ மட்டக்களப்பிலோ கழித்துவிட்டு, விடிந்த பிறகு புறப்படலாம்.